தூங்குகிற ராஜகுமாரன்

உற்சாகம் வந்தால்தான் வாசலில் கோலம் போடுவேன் என்று எந்தப் பெண்மணியாவது காத்திருந்ததுண்டா? மார்கழியில் சிதம்பரம் தேர் வீதிகளில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர்கள், ஐப்பசி மழையில் நாலு புள்ளியோடு நிறுத்திக்கொள்வார்கள். கை மட்டும் பழக்கம் விட்டுப் போகாது.

கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் பெண்களுக்கும் இந்த ரகசியம் உதவும். ஆச்சரியப்படாதீர்கள்! கடலூரில் உங்கள் பெண்ணோ, மருமகளோ கல்லூரி நாளில் பொழுதுபோக்காக ஒரு விளையாட்டை ஆரம்பித்திருக்கலாம். பிறகு உத்தியோகம், கல்யாணம், குழந்தை. திறந்து பார்க்க நினைத்தாலே மலைப்பு. "அந்த ஆசையெல்லாம் போயிற்று, அம்மா" என்பாள். உண்மையில் போயிற்றா?

அமெரிக்காவில் ஜோர்டன் மெக்னர் என்பவர் யேல் சர்வகலாசாலையில் படிக்கும்போதே, 1984-ல், 'கராத்தேகா' என்ற விளையாட்டால் பெயர் வாங்கியவர். 1985-ல் அடுத்ததைத் தொடங்கினார். தம்பியை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லிப் படம் பிடித்து, அந்த அசைவுகளைத் தம் ராஜகுமாரனுக்குக் கொடுத்தார். அப்புறம் சினிமாக் கதை எழுதும் மோகம் பிடித்துக்கொண்டது. ராஜகுமாரன் மாதக்கணக்கில் தூங்கினான்!

திரும்பி வந்தபோது விளையாட்டில் ஏதோ குறைந்தது. "சண்டை வேண்டும்" என்று டோமி பியர்ஸ் என்ற தோழி விடாமல் நச்சரித்தார். கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியோ 128 கிலோபைட்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாது. எதிரியை வரைய இடமேது? மெக்னர் ராஜகுமாரனின் உருவத்தையே நிழலாக்கி, அவன் எதிரில் நிறுத்திவிட்டார். சின்னத் தந்திரம்தான், விளையாட்டுக்கு உயிர் வந்தது, செய்தவருக்கும் உற்சாகம் வந்தது. 1989-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வெளியாயிற்று. 2010-ல் அதே பெயரில் சினிமாவும் வந்தது.

வேலை முன்னே, உற்சாகம் பின்னே. ஆகவே உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்: முதல் நாள் எதையும் திருத்தாமல், பழைய விளையாட்டை ஆடி மட்டும் பார்க்கட்டும். மறுநாள் ஒரே ஒரு குறையைச் சரி செய்யட்டும். அரை மணி போதும். எழுந்திருக்குமுன் நாளைக்கு என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். அந்த அரை மணிக்குக் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்; ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் டோமியாகவும் இருங்கள்.

மெக்னர் தம் விளையாட்டுக்கு எழுதிய மூலப் பிரதி வெகு காலம் காணாமல் போயிருந்தது. 2012-ல் அவருடைய தகப்பனார் அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்பினார். அதற்குள் அந்தப் பழைய டிஸ்குகள்! இருபது வருஷத்துக்கு மேலாகியும் படிக்க முடிந்தது.

உங்கள் பெண்ணின் பழைய லாப்டாப் எந்தப் பரணில் இருக்கிறது? பழைய சாமான்காரர் வருவதற்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.