அரசியின் பேழையில் இருந்து காணாமல் போன புத்தகம்

1546 ஜூலை 16. லண்டன் ஸ்மித்ஃபீல்ட் மைதானத்தில் எரிப்பதற்காக ஆன் அஸ்க்யூ என்ற இளம்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். அவரால் நடக்க முடியவில்லை. சில நாட்களுக்கு முன் லண்டன் கோபுரச் சிறையில் அவருடைய கைகால்களைக் கட்டி, மூட்டுகள் நொறுங்கும் அளவுக்கு இழுத்து வதைத்திருந்தார்கள். சிறைப் பொறுப்பாளரே இதற்கு மேல் முடியாது என்று மறுத்துவிட, நாட்டின் லார்டு சான்சலர் ரையத்ஸ்லியும் அரசவையைச் சேர்ந்த ரிச்சர்ட் ரிச்சும் தங்கள் கைகளாலேயே அந்தக் கொடுமையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது சில பெயர்கள். அரசியைச் சுற்றியுள்ள பெண்களில் உன் மதக் கொள்கையைச் சேர்ந்தவர்கள் யார் யார்? அஸ்க்யூ ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை.

சி. ஜே. சான்சம் எழுதி 2014இல் வெளிவந்த 'லாமென்டேஷன்' நாவல் இந்தத் தண்டனைக் காட்சியில்தான் தொடங்குகிறது. கூட்டத்தில் நின்று அதைப் பார்க்க நேர்கிற கூனல் விழுந்த வழக்கறிஞர் மேத்யூ ஷார்ட்லேக் கற்பனைப் பாத்திரம். சில நாட்களில் அவருக்கு ஒயிட்ஹால் அரண்மனையிலிருந்து அழைப்பு வருகிறது. எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி கேதரின் பார், தன் பாவங்களையும் மனமாற்றத்தையும் பற்றி ரகசியமாக எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியைக் காணவில்லை. அதன் முதல் பக்கத்தின் ஒரு துண்டு, கொலையுண்ட அச்சுக்கூடக்காரர் ஒருவரின் கையில் கிடைக்கிறது. மீதி எங்கே?

தான் எழுதிய புத்தகத்துக்கு ஓர் அரசி இவ்வளவு நடுங்க வேண்டுமா என்று தோன்றும். அந்த ஆண்டுகளின் சட்டங்களைப் பார்த்தால் புரியும். வழிபாட்டில் படைக்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை மறுத்தால் தீயில் எரிக்கலாம் என்றது 1539ஆம் ஆண்டுச் சட்டம். சாதாரணப் பெண்கள் ஆங்கில பைபிளைப் படிக்கவே கூடாது என்றது 1543ஆம் ஆண்டுச் சட்டம். போப்பை உதறிய அதே ஹென்றிதான் இவற்றைப் போட்டவர். அவர் மனம் எந்த வாரம் எந்தப் பக்கம் சாயும் என்று அருகில் இருந்தவர்களுக்கே தெரியாது. அரசி மதச் சீர்திருத்தத்தின் பக்கம். அதை எதிர்த்த பிஷப் கார்டினரின் அணி அவரை வீழ்த்தச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசியைக் கைது செய்ய ஆணை தயாராகி, அது அவர் கண்ணுக்கே எட்டி, அவர் ஓடிப்போய் மன்னரைப் பணிந்து பேசித் தப்பினார் என்று, மதத் தியாகிகளின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபாக்ஸ் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். மறுநாள் காவலர்களோடு தோட்டத்துக்கு வந்த ரையத்ஸ்லியை மன்னர் திட்டி விரட்டினாராம். இதில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தின் இடைவெளியில்தான் சான்சம் தன் கதையை நுழைத்திருக்கிறார். பிரதி திருடு போனது அவருடைய புனைவு.

இதில் பெரிய இக்கட்டு ஒன்று உண்டு. கேதரின் பார் தப்பிவிட்டார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். 1547 ஜனவரி 28இல் ஹென்றி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அரசியின் புத்தகம் அச்சில் வெளிவந்தது. முடிவு தெரிந்த கதையில் பதற்றத்தை எங்கே வைப்பது? சான்சம் அதை அரசியிடமிருந்து எடுத்து, வரலாறு பெயர் குறித்து வைக்காத ஆட்கள்மேல் வைக்கிறார். அச்சுக்கூடத்துப் பையன், அரண்மனைக் காவலன், ஷார்ட்லேக்கின் உதவியாளர்கள் பராக், நிக்கலஸ். இவர்கள் பிழைப்பார்களா என்பதற்கு எந்த ஆவணத்திலும் பதில் இல்லை. அறுநூறு பக்கத்துக்கு மேல் நீளும் நாவலைக் கீழே வைக்க முடியாமல் செய்வது இந்தக் கவலைதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குற்றவாளி அகப்பட்டால் நீதி கிடைக்கும் என்பது துப்பறியும் கதைகளின் அடிப்படை நம்பிக்கை. ஹென்றியின் அரசவையில் அதற்கு இடமே கிடையாது. உண்மையைக் கண்டுபிடித்தவன் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? நீதியின் உச்சியில் இருக்கும் லார்டு சான்சலரே ஒரு பெண்ணின் மூட்டுகளை முறித்தவர். மன்னரோ எழுந்து நடக்கச் சிரமப்படும் நோயாளி. 1545 முதல் அவர் கையெழுத்தைக்கூட அச்சுக்கட்டை ஒன்றால் மையில்லாமல் தாளில் அழுத்தி, அந்தத் தடத்தின்மேல் எழுத்தர் ஒருவர் மை தீட்டினார். அந்தக் கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரம். இப்படிப்பட்ட இடத்தில் நேர்மையான வழக்கறிஞர் ஒருவர் படும் பாட்டைச் சொல்வதற்குச் சான்சம் தகுதியானவர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, சட்டம் படித்து வழக்கறிஞராக வேலை பார்த்தவர் அவர்.

தாயின் வீட்டுச் சுவரோவியத்துக்காக ஒரு சகோதரனும் சகோதரியும் அடித்துக்கொள்ளும் கிளைக்கதை ஒன்றும் நாவலில் இருக்கிறது. நடுவில் அது கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொத்துச் சண்டையின் வெறுப்பு மதக் குற்றச்சாட்டாக உருமாறக்கூடிய காலம் அது என்பதை அரண்மனைக்கு வெளியே காட்ட அந்தக் குடும்பம் தேவைப்படுகிறது.

ஷார்ட்லேக் வரிசையில் மொத்தம் ஏழு நாவல்கள். 2003இல் வந்த 'டிஸ்ஸொல்யூஷன்' முதலாவது. ஏழையும் படிக்க நேரமில்லாதவர்கள் மூன்றாவதான 'சாவரின்' நாவலை முதலில் படியுங்கள். அதில் யார்க் நகரில் மன்னர் எல்லோர் முன்னாலும் ஷார்ட்லேக்கின் முதுகைக் கேலி செய்கிறார். அந்த அவமானம் தெரிந்தால்தான், அதே மன்னரின் மனைவிக்காக அவர் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதன் கனம் புரியும். அடுத்து 'லாமென்டேஷன்'. அதை முடித்ததும், தன்னை எப்படி விசாரித்தார்கள், வதைத்தார்கள் என்று ஆன் அஸ்க்யூ தன் கைப்பட எழுதியதையும் தேடிப் படியுங்கள். சீர்திருத்த எழுத்தாளர் ஜான் பேல் அதை வெளிநாட்டில் அச்சிட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது.