ஈறு நோயும் உடல் வலிமையும்

பெங்களூரில் தமிழர் பெருமளவில் வாழும் ஸ்ரீராம்புரம், துணி ஆலைகளை நம்பி வந்த தொழிலாளர்களால் பெருகிய பகுதியாகும். ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் உடலுழைப்பால் வாழும் குடும்பங்கள் இங்கு இன்றும் பல உள்ளன. அவர்களுக்கு உடல் வலிமையே மூலதனம். அம்மூலதனத்தை வலியின்றி அரிக்கும் நோய்களுள் ஒன்று ஈறு நோய். நாள்தோறும் உழைத்து உரமேறிய உடலுக்குப் பல்லைப் பற்றிய கவலை வேண்டாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது சரிதானா?

இலங்கையில் நடைபெற்ற ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. பல் மருத்துவ வசதியே எட்டாத இரு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களை, நார்வே நாட்டு அறிஞர் ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை தொடர்ந்து கவனித்தனர். அத்தொழிலாளர்கள் கடுமையாக உழைப்பவர்கள், உடற்கட்டு உடையவர்கள். எனினும் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் ஈறு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினரிடம் மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினரே ஈறு வீக்கத்தோடு தப்பினர். 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியின்போது 302 வீரர்களைச் சோதித்ததில், 76 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சி காணப்பட்டது. தங்கள் பயிற்சியையும் ஆட்டத்தையும் வாய் நலக்குறைவு பாதித்ததாக 18 விழுக்காட்டினர் கூறினர். உடல் வலிமை மட்டும் ஈறுக்குக் கவசம் ஆகாது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

நோய் தோன்றும் முறை எளியது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. அகற்றாவிடில் அது காரையாக இறுகுகிறது. ஈறு சிவந்து வீங்கிக் குருதி கசிகிறது. இந்நிலையில் முறையாகத் துலக்கினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காவிடில், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

தீங்கு வாயோடு நின்றுவிடுவதில்லை. புண்பட்ட ஈறு வழியே நுண்ணுயிர்களும் அழற்சிப் பொருள்களும் குருதியில் கலக்கின்றன. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோய் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை 2022-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. பற்களை இழந்தவர் கடித்து உண்ணும் தானியங்களையும் காய்களையும் தவிர்ப்பதால் ஊட்டமும் குறைகிறது.

மூச்சுத் திறன் மிக்கவர்களிடமும் உடற்பருமன் இல்லாதவர்களிடமும் கடுமையான ஈறு நோய் குறைவு என ஜப்பானிய ஆய்வு ஒன்று 2010-இல் தெரிவித்தது. இதனை ஒரு தொடர்பு என்றே கொள்ள வேண்டும். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. புகையிலை, வறுமை, உணவுக் குறைபாடு ஆகியவை இரண்டையும் ஒருங்கே கெடுக்கக்கூடியவை.

2002-03-இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில், 35 முதல் 44 வயதினருள் 89.6 விழுக்காட்டினரிடம் ஈறு நோய் காணப்பட்டது. உழைப்பின் உச்சத்தில் இருக்கும் வயது இது. ஆனால் குருதி கசிந்தால் துலக்குவதையே நிறுத்துவோர் உளர். இது நோயை வளர்க்கும். புகைப்போருக்குக் கசிவு குறைவாகத் தோன்றுவதால், ஈறு நலமாக இருப்பதாக எண்ணி ஏமாறுகின்றனர்.

பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958 முதல் இயங்கி வருகிறது. ஆனால் வலியில்லாத நோய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து எவரும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவர். எனவே சர்க்கரையும் குருதி அழுத்தமும் சோதிக்கப்படும் இடத்திலேயே, பணியாளர்கள் ஈற்றையும் பார்க்க வேண்டும். பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்போடு பல் துலக்கும் முறையையும் கற்பிக்கலாம். காலையும் இரவும் மென்மையான தூரிகையால் துலக்குதல், புகையிலையை விடுதல், உரிய காலத்தில் காரையை நீக்குதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. இழந்த பல்லுக்கும் இழந்த கூலிக்கும் ஆகும் செலவு பெரிது.