தட்டு நிறைய நாற்று, விதை யாரிடம்?

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் போனால் நிழல்வலைக் கூடாரங்கள் கண்ணில் படும். உள்ளே கறுப்புக் குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள். தைப்பட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, நாற்றை எண்ணி வாங்கிப் போகிறார்கள் விவசாயிகள். மாடித்தோட்டக்காரர்களும் இப்போது இதே தட்டுக்கு வந்துவிட்டார்கள்.

குழித்தட்டு அருமையான கருவி. மேட்டுப்பாத்தியில் நாற்றழுகல் ஒரு மூலையில் தொடங்கினால் பாத்தியையே சுருட்டிவிடும். தட்டிலோ ஒவ்வொரு நாற்றுக்கும் தனிக் குழி. எடுக்கும்போது வேர் அறுபடாது. 98 குழித் தட்டு ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு போதும். ஆனால் அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசியே நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருக்கும் உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவைப்பது மார்கழி, தைக் குளிருக்கு ஏற்ற வழி. மிளகாய் முளைக்கச் சூடு வேண்டும். ஆறாம் நாள் வாக்கில் முளை தெரிந்ததும் பிரித்துப் பரப்பிவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளுத்து, தண்டு மெலிந்து நீண்டுவிடும். தக்காளி 25 நாளில் நடவுக்குத் தயார். மிளகாய்க்கு 35 நாளாவது ஆகும்.

இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். என் கவலை குழிக்குள் விழும் அந்த ஒற்றை விதையைப் பற்றியது.

குழிக்கு ஒரு விதை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஒரு ஹெக்டேர் மிளகாய்க்குச் சாதாரண ரகமென்றால் 1 கிலோ விதை பரிந்துரைக்கிறார்கள். வீரிய ஒட்டு என்றால் 200 முதல் 250 கிராம்தான். கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய விதையைப் பாத்தியில் தூவ யாருக்கு மனம் வரும்? சொந்த விதை வைத்திருந்தவர்கள் கைநிறையத் தூவி, வாளிப்பான நாற்றை மட்டும் பிடுங்கி நட்டார்கள். அந்தத் தெரிவு ஆண்டுதோறும் அவர்கள் கண்ணெதிரே நடந்தது. இன்று பண்ணைக்குப் போய் என்ன ரகம் என்று கேட்டால், "நல்லா காய்க்கும், எடுத்துட்டுப் போங்க" என்ற பதிலோடு பல பேர் திரும்பிவிடுகிறார்கள்.

வீரிய ஒட்டில் விளைச்சல் கூடுதல், காய் ஒரே அளவில் வருவதால் சந்தையில் விலையும் கிடைக்கும் என்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி குட்டையாக வரும், இன்னொன்று நெட்டையாக வரும். காயும் தாய்ச்செடியின் காயைப் போல அமையாது. அடுத்த பட்டத்துக்கு மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தரும் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது. எடுத்துவைக்கும் பழக்கம்தான் வீடுகளிலிருந்து போய்விட்டது. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டிவைத்த வீடுகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? ராமநாதபுரத்து முண்டு மிளகாய் மானாவாரி நிலத்தில் நேரடியாக விதைக்கப்படுவது. தட்டின் பக்கமே வராத அந்த மிளகாய்க்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் அப்படியே. குறியீடு கிடைத்த ஊர்க்காய்களையாவது விசாரிக்க ஆள் உண்டு. பெயர்கூடப் பதிவாகாத கத்தரிகளை யார் தேடுவார்கள்?

மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்குச் சந்தை நெருக்கடி கிடையாது. அவர் தொடங்கலாம். பி.கே.எம்-1 போன்ற தக்காளி ரகமோ, ஊர்க் கத்தரியோ வாங்கித் தட்டில் போடுங்கள். நோயில்லாத செடியில் நன்கு திரண்ட காய்க்கு நூல் கட்டிவிடுங்கள்; சமையலுக்குப் பறிக்க வேண்டாம். கத்தரியில் தேனீக்கள் வேறு ரக மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அதனால் மொட்டிலேயே மெல்லிய துணிப்பை மாட்டி, பூ விரிந்ததும் காம்பை மெதுவாகத் தட்டிவிட்டு, பிஞ்சு பிடித்தபின் கழற்ற வேண்டும். காய் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை முற்றும். தக்காளி விதையைச் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு போக அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஆடிக்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். ஏழு முளைத்தால் குழிக்கு இரண்டாகப் போட்டு, வளர்ந்ததும் நோஞ்சானைக் கத்தரியால் வெட்டிவிடலாம். சொந்த விதைதானே, தாராளமாகப் போடலாம்.