உலாவி நீட்டிப்புகள்: நன்மையும் தீமையும்

இணையத்தைக் காண நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். அதற்குக் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் சிறு மென்பொருள்களை நீட்டிப்புகள் என்பர். விளம்பரங்களைத் தடுத்தல், சொற்களை மொழிபெயர்த்தல் போன்ற பணிகளை அவை செய்கின்றன. ஆயினும், அவற்றால் விளையக்கூடிய கேட்டையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நீட்டிப்பு நம்மிடம் சில அனுமதிகளைக் கேட்கும். எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதித்துவிட்டால், நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லையும் அது காணக்கூடும். பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய ஊதியம் வங்கியில் இருக்கிறதன்றோ? இது வீட்டுச் சாவியைப் பிறரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

அச்சாவி கைமாறினால் என்னாகும்? 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் குரோம் நீட்டிப்பை இருபது இலட்சம் பேர் நம்பிப் பயன்படுத்தினர். 2020ஆம் ஆண்டில் அது வேறொருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், அதில் தீய நிரல் இருப்பதாகக் கூறிக் கூகுள் நிறுவனம் அதனை முடக்கியது. நீட்டிப்புகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால், இத்தகைய மாற்றங்களைப் பலரும் உணர்வதில்லை.

நல்ல நீட்டிப்பும் சிலவேளை கைவிடும். 2019 மே மாதத்தில், பயர்பாக்ஸ் உலாவி நீட்டிப்புகளைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உடனே உலகெங்கும் அவை செயலிழந்தன.

ஆகவே, தேவையான நீட்டிப்புகளை மட்டுமே வைத்திருப்போம், பயன்படாதவற்றை நீக்குவோம். மாணவச் செல்வங்கள் பெற்றோரையோ ஆசிரியரையோ கேட்ட பின்னரே புதியதைச் சேர்த்தல் வேண்டும். வெளுத்ததெல்லாம் பாலன்று; வருமுன் காப்போம்.