நடவு வயலில் இருந்து வந்த வங்கிக்காரர்!

பெரியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் 'பேரணை முதல் கள்ளந்திரி வரை' என்று செய்தியில் வரும். இருபோக நிலத்தின் எல்லையான அந்தக் கள்ளந்திரியில் பிறந்தவர் சின்னப்பிள்ளை. சிறு வயதிலேயே வாழ்க்கைப்பட்டது பக்கத்தில் இருக்கும் பில்லுச்சேரிக்கு. டெல்லி வரை போய் வந்தும், அழகர்கோவில் பக்கத்து அந்தச் சுற்றுவட்டாரம்தான் அவருக்கு ஊர்.

பள்ளிக்கூடம் போனதில்லை. நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலைதான். ஆனால் ஆட்களைச் சேர்த்து, நிலக்காரர்களிடம் கூலி பேசி, வேலை முடிந்ததும் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இது லேசுப்பட்ட வேலையில்லை. யார் அரை நாள் வந்தார்கள், யாருக்கு முன்பணம் போயிருக்கிறது என்பதெல்லாம் மனசில் நிற்க வேண்டும். பங்கில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் மறுநாள் ஆள் வராது.

அந்த நாளில் கூலிக்காரப் பெண்ணுக்குக் கடன் என்றால் ஐந்து வட்டி, பத்து வட்டிதான். வங்கிக்குப் போனால் பட்டா கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். 1990-ஐ ஒட்டி, மதுரைப் பகுதியில் பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சேமிக்க வைக்கும் வேலை தொடங்கியது. குழுவுக்கு வைத்த பெயர் களஞ்சியம். நெல் சேர்த்து வைக்கும் இடத்தின் பெயர் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாதவர்கள் பணம் கேட்டால் ஊர் நம்புமா? கூலியைச் சரியாகப் பங்கிட்ட சின்னப்பிள்ளை முன்னால் நின்றதும் பெண்கள் வந்தார்கள்.

எடுத்துக்காட்டாக, 15 பேர் மாதம் 50 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 9,000 ரூபாய். யாருக்கு அவசரம், யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து அவர்களே முடிவு செய்வார்கள். கட்டும் வட்டியும் அதே குழுவின் பணத்தில் சேரும். இன்று வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் நிறுவனங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே வட்டி ஊரை விட்டு வெளியே போகிறது.

1992-ல் நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பட்டா இல்லாதவர்களுக்கும் குழுவின் பெயரில் வங்கிக் கதவு திறந்தது. 1997-ல் தானம் அறக்கட்டளை உருவாகி களஞ்சியத்தை எடுத்து நடத்தியது. ஊர்க் குழுக்கள் தொகுதியாகவும், தொகுதிகள் வட்டாரமாகவும் சேர்ந்தன. சின்னப்பிள்ளை, களஞ்சியம் இயக்கத்தின் தலைவியானார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நோட்டுப் போட்டார்கள். கடனை வாங்கியவர் எதற்காகத் திணறுகிறார் என்று கண்டுபிடிப்பதற்கு இவரைப் போன்றவர்கள் தேவைப்பட்டார்கள்.

2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். சின்னப்பிள்ளை என்றதும் பலருக்கு இன்றும் அந்தப் புகைப்படம்தான் ஞாபகம் வரும். கூலி பேசியதும், கூட்டம் கூட்டியதுமான அத்தனை வருடங்கள் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டன. 2019-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அவருக்கென்று நல்ல வீடு மட்டும் அமையவில்லை. தனக்குச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று 2024-ல் அவர் பேசிய பிறகு, அந்த ஆண்டு மார்ச்சில் தமிழக அரசு அவருக்குப் புதிய வீடு கட்டித் தருவதாக அறிவித்தது. பிரதமர் காலைத் தொட்டு அப்போது 23 வருடம் ஆகியிருந்தது.