நுண்குருதிக்குழாய் மீளமைப்பு அறுவை மருத்துவம்

புற்றுநோயால் தாடை எலும்பின் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தால், வேறிடத்து எலும்பை அதன் இரத்தக்குழாய்களோடு எடுத்துப் பொருத்துவதுண்டு. இதுவே நுண்குருதிக்குழாய் மீளமைப்பு அறுவை மருத்துவம் ஆகும். கீழ்த்தாடைக்குக் காலின் வெளிப்புறமுள்ள ஃபிபுலா எனும் மெல்லிய எலும்பு பெரிதும் பயன்படுகிறது. உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அதன் அருகிலுள்ள தடித்த எலும்பே. 1989இல் டேவிட் ஹிடால்கோ இம்முறையை விவரித்தார்.

சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்கள், நுண்ணோக்கியின் உதவியுடன், தலைமுடியினும் மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களுடன் தைக்கப்படுகின்றன. இரத்தம் உறைந்து ஓட்டம் தடைப்பட்டால், விரைவில் சரிசெய்யாவிடில் பொருத்திய திசு இறந்துவிடும். எனவே முதல் சில நாட்கள் அதன் நிறத்தையும் இரத்த ஓட்டத்தையும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

இக்கவனிப்பைப் புத்தகத்தில் மட்டும் கற்க இயலாது. வாய், தாடை, முக அறுவை மருத்துவம் பயிற்றுவிக்கும் கல்லூரியிலேயே இச்சிகிச்சை நடந்தால், கட்டியை அகற்றுவது முதல் செயற்கைப் பல் பொருத்துவது வரை அனைத்தையும் மாணவர் நேரில் கற்கிறார். நோயாளி மீண்டும் மென்று உண்பதும் தெளிவாகப் பேசுவதும் இப்பயிற்சியின் நோக்கமாகும்.