ஆறடித் தோல் வார்

காலால் மிதித்து ஓட்டும் பழைய தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால்களும் எஃகுத் தண்டுகளும் மூன்று தலைமுறைக்கு மேல் உழைக்கக்கூடியவை. ஆனால் அவற்றைச் சேர்ந்தியங்கச் செய்யும் தோல் வார், அதாவது பெல்ட், சில ஆண்டுகளிலேயே நீண்டு தளர்ந்து, பின்னர் ஒருநாள் அறுந்துவிடுகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் எனத் தருமபுரி மாவட்டத்து ஊர்களில், பாட்டி வழியாகப் பேத்திக்கு வந்த இயந்திரம் பிழைப்புக்கு ஆதாரமாக இருக்கும் வீடுகள் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தின்வழி கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டோரும் மாற்றுத்திறனாளிகளும் பெற்ற இயந்திரங்கள் உள்ள வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டில் பெல்ட் அறுந்தால் அன்றைய வருமானமும் நின்றுபோகிறது. சிறிய செலவிலும் கால் மணி நேர வேலையிலும் சரியாகக்கூடிய இப்பழுதுக்காக, இயந்திரமே கெட்டுவிட்டதெனக் கருதி மூலையில் ஒதுக்கிவிடுவது பெரும் இழப்பு.

மிதிபலகை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு நெட்டைத் தண்டு, கீழேயுள்ள பெரிய சக்கரத்தின் வளைந்த அச்சுக்குக் கொண்டுசென்று சுழற்சியாக மாற்றுகிறது. தண்டும் அச்சின் வளைவும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும் இரண்டு நிலைகளில், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் நகராது. ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரத்தின் கனமே அந்த இடங்களைக் கடத்திவிடுகிறது. தொடங்கும்போது கடத்துவதற்குத்தான், தைப்பவர் வலக்கையால் மேலேயுள்ள கைச்சக்கரத்தைத் தம் பக்கமாகத் தள்ளிவிடுகிறார். கையின் தள்ளலைக் கீழே கொண்டுசெல்வதும், பின்னர்க் காலின் விசையை மேலே கொண்டுவருவதும் ஒரே வார்தான். பெரிய சக்கரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், கைச்சக்கரத்தின் பள்ளம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் விட்டமுடையவை எனக் கொண்டால், ஒரு மிதிக்கு நான்குக்கும் சற்று அதிகமான தையல்கள் விழும்.

பல்லும் சங்கிலியும் இல்லாத வழவழப்பான பள்ளத்தில் ஒரு வார் எவ்வாறு வழுக்காமல் இழுக்கிறது? முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், நுனியை ஒரு சிறுவனே பிடித்து நிறுத்திவிட முடியும் என்பது ஊரறிந்த செய்தி. சுற்றிய கோணம் கூடக்கூடப் பிடிப்பு மடங்கு மடங்காகப் பெருகும் என்பதை, 18ஆம் நூற்றாண்டின் கணிதமேதை லியோனார்டு ஆய்லர் சமன்பாடாக எழுதினார். கைச்சக்கரத்தில் வார் அரைச்சுற்றுக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 160 பாகையளவே பற்றியிருக்கிறது. உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், தட்டையான விளிம்பில் இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் 2.3 மடங்கு வரையே போக முடியும்; அதற்கு மேல் வழுக்கிவிடும். ஆனால் பள்ளத்தின் சுவர்கள் ஆப்புபோல் குறுகி, அவற்றிடையே உருண்டையான வார் செருகி நிற்பதால் பிடிப்பு வலுக்கிறது. சுவர்களுக்கிடையே 40 பாகைக் கோணம் இருந்தால் அந்த விகிதம் 11 மடங்கை எட்டும். வார் பள்ளத்தின் அடியில் படாமல் இரு சுவர்களிலும் உரசி நிற்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. மெலிந்த வாரைப் போட்டால் அது அடியில் படிந்து, ஆப்பின் பயன் அனைத்தும் வீணாகிறது.

தையல் விட்டுவிட்டு விழுவதற்குப் பெல்ட்டே காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. ஊசியும் ஷட்டிலும் தலைப்பகுதிக்குள் தண்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், வார் எவ்வளவு வழுக்கினாலும் அவற்றின் கால ஒழுங்கு மாறாது. அவ்வழுக்கலால் நன்மையும் உண்டு. ஊசி ஜிப்பின் உலோகப் பல்லில் மோதி நின்றால், வார் வழுக்கி விசையைக் கைவிட்டுவிடுவதால் உள்ளேயுள்ள தண்டுகள் வளையாமல் தப்புகின்றன.

தோலின் இழுபடுந்தன்மை கொலாஜன் எனும் புரத நார்களிலிருந்து வருகிறது. பச்சைத் தோலில் அழுகக்கூடிய இந்நார்களைத் தாவரப் பட்டைகளின் துவர்ப்பொருளான டானின் பற்றிக்கொண்டு நிலைப்படுத்துவதே தாவரவழித் தோல் பதனிடுதல். தருமபுரியின் வறண்ட மேட்டு நிலங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் ஆவாரஞ் செடியின் பட்டைதான், நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் வளர்க்கப்பட்ட வாட்டில் மரப்பட்டை பெருகுவதற்கு முன், சென்னை மாகாணத் தோல் பதனிடும் தொழிலின் முதன்மைப் பொருளாக விளங்கியது. பதனிட்ட பின்னும் தோல் நார்கள், தொடர்ந்து இழுபட்டால் ஒன்றன்மீது ஒன்று மெல்ல நகர்ந்து நீள்கின்றன. மழைக்கால ஈரத்தில் இளகுகின்றன. கோடையில் ஈரமிழந்து விறைக்கின்றன. வெடிப்பு விடும் முன் விளக்கெண்ணெயைச் சிறிதளவே தடவி ஊறவிட்டால் தோல் துவளும், மிகுந்தால் வழுக்கும். தோலுக்குப் பதிலாகப் போடும் ரப்பர் வாருக்கோ இயந்திரத்திற்கு இடும் கனிம எண்ணெயே பகை. அது பட்ட ரப்பர் உப்பி நலிகிறது.

கடைகளில் கிடைக்கும் தோல் வார் பெரும்பாலும் 72 அங்குல நீளத்தில், அதாவது சரியாக ஆறடியில், ஒரு கம்பிக் கொக்கியோடு வரும். வீட்டு இயந்திரங்களுக்கு 5 மில்லிமீட்டர் பருமன் பொதுவாகப் பொருந்தும். ஒரு நுனியில் கொக்கியை மாட்டியபின், வாரை மேசையின் இரு துளைகள் வழியாகச் செலுத்தி, பெரிய சக்கரத்தையும் கைச்சக்கரத்தையும் சுற்றிக் கொண்டுவந்து, நுனிகள் சந்திக்கும் இடத்தை இழுத்துப் பிடித்துக் குறிக்க வேண்டும். குறிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே வெட்டி, குத்தூசியால் துளையிட்டு, கொக்கியைக் குறடால் நெருக்கி மடக்க வேண்டும். கம்பி வாரைவிடப் புடைத்திருந்தால், பள்ளத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று இடிக்கும், நைலான் கயிற்றை முடிச்சிட்டு ஓட்டுவோர் கேட்கும் ஓசையும் இதுவே. இறுக்கம் மிகுந்தால் அச்சுகள் அழுத்தப்பட்டு மிதி கனக்கும், முழங்கால் வலிக்கும். ஆகவே தடித்த துணி மடிப்பைத் தைக்கும்போது வழுக்காத அளவு இறுக்கமே போதுமானது. இலவச இயந்திரத்தோடு ஒரு மாற்று வாரையும் இந்தக் கால் மணி நேரப் பயிற்சியையும் சேர்த்தே தருவது அரசுக்குப் பெரிய செலவாகாது.

புதிய வார் முதல் சில வாரங்களிலேயே சற்று நீளும்; அப்போது கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் போதும். பல இயந்திரங்களில் பெரிய சக்கரத்தின் அருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். வேலை முடிந்த இரவில் அதைத் தள்ளினால் வார் பள்ளத்திலிருந்து விலகி, மறுநாள் காலை வரை இழுவிசையின்றித் தொங்கும்.